சென்னையில வீடு வாடகைக்கு விடப் போறீங்களா? சாவி குடுக்கறதுக்கு முன்னாடி முடிக்க வேண்டிய வேலைகள்

மொத தடவையா வீடு வாடகைக்கு விடறவங்களுக்காக இத எழுதறேன். மேடவாக்கம் பக்கம் எங்களுக்கு ஒரு டூ பெட்ரூம் ஃபிளாட் இருக்கு, நாங்க வேலைக்காக வேற ஊர்ல இருக்கோம், அதனால எல்லாத்தையும் தூரத்துலேர்ந்து ஓடி ஓடி செஞ்சு, ஈபி ஆபீஸ், பத்திர எழுத்தர், அசோசியேஷன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டு கேட்டுத்தான் இதெல்லாம் புரிஞ்சுது. ஒரு தடவ ஒருத்தர் ஈபி பில்லும் மெயின்டனன்ஸும் பாக்கி வச்சுட்டு போனாரு, இன்னொரு தடவ காலி பண்ண சொல்லி மாசக்கணக்குல இழுத்துச்சு. இந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

ஒண்ணே ஒண்ண மட்டும் மனசுல வச்சுக்கோங்க. சாவி உங்க கைல இருக்கற வரைக்கும்தான் நீங்க கேட்டது எல்லாம் நடக்கும். ஆதார் காப்பி, கையெழுத்து, மீட்டர் ரீடிங், எதுவா இருந்தாலும் அதுக்கு முன்னாடி வாங்கிடணும். சாமான் இறங்கின பிறகு "அடுத்த வாரம் தரேன் சார்"தான்.

1. பேப்பரும் வீடும் ரெடியா இருக்கா பாருங்க

முதல்ல வீடு யார் பேர்ல இருக்குன்னு பாருங்க. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் பேர்லயும் பத்திரம் இருந்தா ரெண்டு பேரும் அக்ரிமெண்ட்ல கையெழுத்து போடறதுதான் நல்லது. அப்பா பேர்ல இருந்து அவர் தவறிட்டார்னா வாரிசு சான்றிதழ எடுத்து வச்சுக்கிட்டு எல்லா வாரிசும் சேந்து போடுங்க, தம்பி ஒருத்தன் மட்டும் போட்டு வாடகை வாங்கி அது பின்னாடி குடும்பச் சண்டையா மாறினத நான் பாத்திருக்கேன். நீங்க வெளிநாட்டுல இருந்தா இங்க இருக்கற அண்ணனுக்கோ அம்மாவுக்கோ பவர் பத்திரம் குடுக்கணும், அங்க இருக்கற இந்தியத் தூதரகத்துல அட்டெஸ்ட் பண்ணி அனுப்பி, இங்க வந்து சேந்த மூணு மாசத்துக்குள்ள முத்திரைத்தாள் வேலைய முடிச்சிடணும்.

கைல வச்சுக்க வேண்டியது: பத்திர நகல், கடைசி சொத்து வரி ரசீது, மெட்ரோ வாட்டர் ரசீது, ஈபி சர்வீஸ் நம்பர், உங்க பான், ஆதார். சொத்து வரி அரையாண்டுக்கு ஒரு தடவ வரும், ஏப்ரல்லயும் அக்டோபர்லயும் அந்தந்த மாசம் முடியறதுக்குள்ள கட்டினா சென்னை மாநகராட்சியில 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, தள்ளிப் போட்டா வட்டி ஏறும். அத கட்டி முடிச்சிட்டு வேலைய ஆரம்பிங்க.

வீட்ட பொறுத்தவரைக்கும் பெயிண்ட்ட விட பிளம்பிங்கும் வயரிங்கும்தான் முக்கியம். பாத்ரூம் ஓரத்துல ஈரம் கசியுதா, சிங்க் அடியில இருக்கற பைப் சொட்டுதா, கீசர் பாயிண்ட் சூடாகுதா, எர்த் லீக்கேஜ் சுவிட்ச் (கரண்ட் கசிஞ்சா தானா ஆஃப் ஆகறது) டெஸ்ட் பட்டன அமுக்கினா டிரிப் ஆகுதா, இத ஒரு எலக்ட்ரீஷியனையும் பிளம்பரையும் கூட்டிட்டு வந்து ஒரே நாள்ல பாத்துடுங்க. ஆள் குடி வந்த பிறகு கண்டுபிடிச்சா கீழ் வீட்டு சீலிங்குக்கும் சேத்து நீங்கதான் செலவு பண்ணணும்.

நேரம் பத்தி ஒரு விஷயம். ஆடி மாசமும் மார்கழியும் பெரும்பாலான குடும்பங்க வீடு மாத்த மாட்டாங்க. ஆனி கடைசியில வீடு காலியாச்சுன்னா ஆவணி வரைக்கும் சும்மா கெடக்கும்னு மனச தேத்திக்கிட்டு, அந்த ஒரு மாசத்துல பெயிண்ட், ரிப்பேர் எல்லாம் முடிங்க. ஏப்ரல், மே மாசம்தான் நல்ல டிமாண்ட், ஜூன்ல ஸ்கூல் திறக்கறதுக்குள்ள எல்லாரும் செட்டில் ஆகணும்னு தேடுவாங்க.

2. வாடகையும் அட்வான்ஸும்

வாடகை எவ்வளவு வைக்கறதுன்னு புரோக்கர கேக்காதீங்க, அவர் சீக்கிரம் முடியற மாதிரி சொல்லுவார். பக்கத்து வீட்டுக்காரங்களையும் கேக்காதீங்க, அவங்க ரெண்டாயிரம் சேத்து சொல்லுவாங்க. உங்க அப்பார்ட்மெண்ட் வாட்ச்மேனையும், அதே தெருவுல இப்போ குடியிருக்கற ரெண்டு மூணு பேரையும் விசாரிங்க, சரியான தொகை கிடைச்சிடும். ஆயிரம் ரூபாய் அதிகம் கேட்டு ரெண்டு மாசம் வீடு பூட்டிக் கெடந்தா நஷ்டம் உங்களுக்குத்தான். 15,000 ரூபாய் வீடு ரெண்டு மாசம் காலியா இருந்தா 30,000 போச்சு, மாசம் ஆயிரம் அதிகமா வாங்கி அத எடுக்க ரெண்டரை வருஷம் ஆகும்.

அட்வான்ஸ் சென்னையில பத்து மாசம் கேட்டுக்கிட்டு இருந்தாங்க, இப்பவும் அஞ்சு ஆறு மாசம் கேக்கறவங்க உண்டு. 2017 வாடகைச் சட்டம், அதாவது 2019 பிப்ரவரி 22லேர்ந்து அமல்ல இருக்கற சட்டம், மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கக் கூடாதுன்னு சொல்லுது, ரெண்டு பேரும் சம்மதிச்சு ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதிக்கிட்டாதான் விலக்கு. என் கருத்து, மூணே வாங்குங்க. அதிகமா வாங்கினா செலவாயிடும், அவங்க காலி பண்றப்போ ஒரே நேரத்துல புரட்டித் தரணும், அதுலதான் பாதி சண்டை வருது. வாங்கின மூணு மாசத்தையும் ஒரு ஃபிக்ஸட் டெபாசிட்ல போட்டு தொடாம வச்சிடுங்க.

மெயின்டனன்ஸ வாடகையோட சேக்காதீங்க. அசோசியேஷனுக்கு அவங்களே நேரா கட்டட்டும். சேத்து வாங்கினா அதுவும் உங்க வருமானம்னு கணக்காகும், வரியும் நீங்கதான் கட்டணும்.

3. ஆள் தேடறது, இங்கதான் ஏமாத்தறவங்க வருவாங்க

டூலெட் போர்டு, அப்பார்ட்மெண்ட் வாட்ஸ்ஆப் குரூப், நோபுரோக்கர், மேஜிக்பிரிக்ஸ், 99 ஏக்கர்ஸ், ஓஎல்எக்ஸ், எல்லாத்துலயும் போடலாம். புரோக்கர் வழியா போனா பொதுவா ஒரு மாச வாடகை கமிஷன், சிலர் ரெண்டு பக்கமும் பாதிப் பாதி வாங்குவாங்க, சிலர் ரெண்டு பக்கமும் முழுசா. அத மொதல்லயே பேசிடுங்க.

ஆன்லைன்ல போட்ட சில மணி நேரத்துலயே ஒரு போன் வரலாம். "நான் ஆர்மியில இருக்கேன், டிரான்ஸ்ஃபர்ல வரேன், வீட்ட பாக்க வேண்டாம், ஃபோட்டோ பிடிச்சிருக்கு, இப்பவே அட்வான்ஸ் அனுப்பறேன்"னு ஹிந்தியில பேசுவான். ஐடி கார்டு, யூனிஃபார்ம் ஃபோட்டோ எல்லாம் அனுப்புவான். அப்பறம் ஒரு கியூஆர் கோட் அனுப்பி, இத ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க பணம் வந்துடும்னு சொல்லுவான். தயவுசெஞ்சு போடாதீங்க. பணம் வாங்கறதுக்கு யூபிஐ பின் எப்பவுமே தேவையில்ல, பின் போட்டா உங்க அக்கவுண்ட்லேர்ந்து பணம் போகும். போயிடுச்சுன்னா உடனே சைபர் கிரைம் உதவி எண் 1930க்கு போன் பண்ணுங்க, லேட் பண்ணா திரும்பக் கிடைக்கற வாய்ப்பு குறைஞ்சுடும்.

இன்னொண்ணு இதவிட பெரிசு. ஒரு ஆளோ கம்பெனியோ வந்து "உங்க வீட்ட நாங்க எடுத்துக்கறோம், மாசா மாசம் வாடகை கரெக்டா வந்துடும், மெயின்டனன்ஸ் தொல்லை உங்களுக்கு இல்ல"ன்னு சொல்லுவாங்க. உங்களுக்கு மாசம் வாடகை குடுத்துட்டு, அதே வீட்ட வேற ஒரு குடும்பத்துக்கு பல லட்சம் வாங்கிட்டு லீஸுக்கு விட்டிருப்பாங்க. கொஞ்ச மாசத்துல உங்க வாடகை நிக்கும், ஆளும் காணாமப் போயிடுவாங்க, உள்ள இருக்கற குடும்பம் "நாங்க லட்சக்கணக்குல குடுத்திருக்கோம், எங்க போறது"ன்னு அழும். அவங்க பக்கமும் நியாயம் இருக்கும், உங்க பக்கமும் நியாயம் இருக்கும், ரெண்டு பேரும் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலையணும். குடியிருக்கப் போறவங்க யாரோ அவங்ககிட்ட நேரா கையெழுத்து வாங்காம வீட்ட குடுக்காதீங்க.

4. யாருக்கு குடுக்கறது

இத கொஞ்சம் வெளிப்படையா சொல்றேன். நம்ம ஊர்ல வீடு விடறவங்க மொதல்ல கேக்கறது "நீங்க என்ன ஆளுங்க", "கறி சாப்புடுவீங்களா". இந்தக் கேள்வி ரெண்டும் அசிங்கம், அதோட இதுக்கும் வாடகை ஒழுங்கா வர்றதுக்கும் சம்பந்தமே இல்ல. எனக்குத் தெரிஞ்சு சொந்த ஆளுங்கன்னு நம்பிக் குடுத்து எழுத்துல எதுவும் வாங்காம விட்ட வீடுகள்லதான் காலி பண்ண வைக்க முடியாம அதிகம் தவிச்சிருக்காங்க.

கேக்க வேண்டியது வேற. எங்க வேலை, எத்தன பேர் இருக்கப் போறீங்க, இப்போ இருக்கற வீட்ட ஏன் காலி பண்றீங்க, எவ்வளவு நாள் இருக்கற எண்ணம், வண்டி எத்தன. முடிஞ்சா இப்போ இருக்கற ஹவுஸ் ஓனர்கிட்ட ஒரு வார்த்த பேசுங்க. ஆனா அவர் அந்த ஆள சீக்கிரம் அனுப்பணும்னு நல்லவிதமா சொல்லலாம், அதனால அதுக்கு முந்தின வீட்டு ஓனர்கிட்டயும் பேச முடிஞ்சா இன்னும் நல்லது. வீட்லேர்ந்து தையல், டியூஷன், ஆன்லைன் பிசினஸ்னு ஏதாவது நடத்துவீங்களான்னும் கேளுங்க, ஏன்னு கீழ ஈபி பத்தி எழுதறப்போ சொல்றேன்.

வாங்க வேண்டிய டாக்குமெண்ட்: ஆதார், பான், வேலை பாக்கற கம்பெனி ஐடி இல்லன்னா சம்பள சிலிப், சொந்த ஊர் முகவரி, அவசரத்துக்கு கூப்புட ஒரு சொந்தக்காரர் நம்பர், ஃபோட்டோ. ஆதார் காப்பிய வாங்கினா மட்டும் போதாது, அதுல இருக்கற கியூஆர் கோட ஆதார் ஆப்ல ஸ்கேன் பண்ணிப் பாருங்க, பேரும் ஃபோட்டோவும் ஒத்துப் போகணும். பேச்சுலர் பசங்கன்னா ஒருத்தர் பேர்ல மட்டும் போடாம தங்கற எல்லார் பேரும் அக்ரிமெண்ட்ல வரணும், ஆள் மாறினா எழுத்துல தெரிவிக்கணும்னும் சேத்துக்கோங்க.

டோக்கன் அட்வான்ஸ் அஞ்சாயிரமோ பத்தாயிரமோ வாங்கறப்போ, "இத்தன தேதிக்குள்ள அக்ரிமெண்ட் போடலன்னா டோக்கன் திரும்பத் தரப்படும் அல்லது தரப்படாது" எதுன்னு ஒரு வாட்ஸ்ஆப் மெசேஜ் அனுப்பி அவங்க ஓகேன்னு பதில் போட்ட பிறகு வாங்குங்க.

5. அக்ரிமெண்ட்

ரெடிமேட் ஃபார்மட்ட பத்திர எழுத்தர் குடுப்பார், அதுல பேர மாத்தி கையெழுத்து போட்டுட்டு வந்துடாதீங்க. படிச்சுப் பாருங்க. கண்டிப்பா இருக்க வேண்டியது: வாடகை தொகை, எந்தத் தேதிக்குள்ள, அட்வான்ஸ் எவ்வளவு எப்படி குடுத்தாங்க, எத்தன மாசம், வருஷத்துக்கு எத்தன சதவீதம் ஏத்தம், காலி பண்ண ரெண்டு பக்கமும் எத்தன மாச நோட்டீஸ், உள்வாடகை கூடாது, வீட்டு உபயோகத்துக்கு மட்டும், பெயிண்ட் யார் செலவு, உள்ள என்னென்ன சாமான் இருக்கு.

வாடகை ஏத்தறத எழுத்துல போடலன்னா வருஷா வருஷம் பஞ்சாயத்துதான். 5 சதவீதம்னோ 7 சதவீதம்னோ தெளிவா எழுதுங்க, ஏத்தறதுக்கு மூணு மாசம் முன்னாடி எழுத்துல தெரிவிச்சிடுங்க.

ரிப்பேர் யார் பாக்கணும்னு சட்டத்துலயே பட்டியல் இருக்கு. சுவர் விரிசல் மாதிரி கட்டட வேலை, வெள்ளையடிக்கறது, பைப் மாத்தறது, வயரிங் இதெல்லாம் ஓனர். குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட், கதவுப் பூட்டு, கொண்டி, ஜன்னல் கண்ணாடி, கீசர் ரிப்பேர், அடைப்பு எடுக்கறது இதெல்லாம் குடியிருக்கறவங்க. வேற மாதிரி வேணும்னா ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு எழுதிக்கலாம். என்ன கேட்டா இந்தப் பட்டியல அப்படியே அக்ரிமெண்ட்ல ஒரு பத்தியா போட்டுடுங்க, ராத்திரி பத்து மணிக்கு "சார் டேப் ஒழுகுது"ன்னு வர்ற போன் பாதியா குறையும்.

11 மாசம் ஏன் எல்லாரும் போடறாங்கன்னா, ஒரு வருஷத்துக்கு மேல போனா சார்பதிவாளர் ஆபீஸ்ல கட்டாயம் பதியணும். பதிஞ்சா மொத்த வாடகைத் தொகையோட அட்வான்ஸையும் சேத்து கணக்குப் பண்ணி 1 சதவீதம் முத்திரைத்தீர்வை, அதோட 1 சதவீதம் பதிவுக் கட்டணம், பதிவுக் கட்டணத்துக்கு மட்டும் 20,000 ரூபாய் உச்சவரம்பு. மூணு வருஷம் கண்டிப்பா இருப்பாங்கன்னு தெரிஞ்சா, செலவப் பாக்காம பதிவு பண்றது நிம்மதி. 11 மாசம்னா முடியற தேதிய ஃபோன்ல ரிமைண்டர் வச்சு, முடியறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே புதுசு போட்டுடுங்க, பழைய பேப்பரயே வச்சுக்கிட்டு மூணு வருஷம் ஓட்டறவங்கதான் நெறைய பேர்.

சாட்சி ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் அவங்க பக்க சொந்தக்காரரா இருக்கற மாதிரி பாத்துக்கோங்க, பின்னாடி ஏதாவது பேசணும்னா ஒரு ஆள் இருப்பார்.

6. ரென்ட் அத்தாரிட்டில பதியறது

இது தெரியாதவங்கதான் ஜாஸ்தி. 11 மாசம் போட்டாச்சே, பதிய வேண்டாம்னு நெனைக்கறாங்க. சார்பதிவாளர் ஆபீஸ் வேற, இது வேற. மேல சொன்ன 2017 வாடகைச் சட்டப்படி எத்தன மாசமா இருந்தாலும் வாடகை ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும், போட்ட 90 நாளுக்குள்ள ரென்ட் அத்தாரிட்டிக்கு தெரிவிச்சு பதியணும். துணை கலெக்டர் அந்தஸ்துல இருக்கற அதிகாரிதான் ரென்ட் அத்தாரிட்டி. இதுக்குன்னு தமிழ்நாடு அரசோட டெனன்சி போர்ட்டல் இருக்கு, வீட்லேர்ந்தே அப்ளை பண்ணலாம்.

அதுல ரெண்டு பக்கத்தோட பேர், முகவரி, ஃபோன், ஐடி விவரம், வீட்டோட விவரம், வாடகை, அட்வான்ஸ், குடி வந்த தேதி எல்லாம் நிரப்பி அக்ரிமெண்ட்ட ஸ்கேன் பண்ணி ஏத்தணும். மொபைல்ல எடுத்த கோணலான ஃபோட்டோவ ஏத்தாதீங்க, ஜெராக்ஸ் கடையில குடுத்து எல்லாப் பக்கமும் ஒரே பிடிஎஃப்பா போட்டு வாங்கிக்கோங்க. அக்ரிமெண்ட்ல இருக்கற பேர் ஸ்பெல்லிங்கும் ஐடியில இருக்கறதும் இனிஷியல் உட்பட ஒரே மாதிரி இருக்கட்டும். பதிவு முடிஞ்சா ஒரு பதிவு எண் தருவாங்க, அத பிரிண்ட் எடுத்து அக்ரிமெண்ட்டோட பின் பண்ணி வைங்க.

ஏன் இவ்வளவு வற்புறுத்தறேன்னா, பதியாத ஒப்பந்தத்த சாட்சியமா ஏத்துக்க முடியாதுன்னு சட்டத்துலயே எழுதியிருக்கு. நாளைக்கு வாடகை வரலன்னோ காலி பண்ணலன்னோ ரென்ட் கோர்ட்டுக்குப் போனா மொத கேள்வி இதுதான் வரும். குடி வர்றவங்க சேந்து வர மாட்டேன்னா நீங்க தனியாவும் தெரிவிக்கலாம். ஆனா சாவி குடுக்கற அன்னிக்கே அவங்கள பக்கத்துல உக்கார வச்சு, ஓடிபி வந்தா அங்கயே வாங்கி முடிச்சிடறதுதான் சுலபம்.

7. போலீஸ் ஸ்டேஷன்

குடி வர்றவங்க விவரத்த உங்க லிமிட் ஸ்டேஷன்ல குடுத்துடுங்க. ஃபார்ம், ஃபோட்டோ, ஐடி காப்பி, அக்ரிமெண்ட் காப்பி போதும். குடுத்ததுக்கு ஒரு காப்பியில சீல் வாங்கிக்கோங்க. தமிழ்நாடு போலீஸ் வெப்சைட்ல கட்டணம் கட்டி வாடகைதாரர் வெரிஃபிகேஷனும் கேக்கலாம். வெளிநாட்டுக்காரங்கன்னா கத வேற, அவங்க வந்து 24 மணி நேரத்துக்குள்ள வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு ஆன்லைன்ல தெரிவிக்கணும், அது ஓனரோட பொறுப்பு.

8. சாவி குடுக்கற நாள்

இங்க ஒரு பழக்கம் இருக்கு. "நாளைக்கு நாள் நல்லா இருக்கு, பால் மட்டும் காய்ச்சிக்கறோம், சாவி குடுங்க, அக்ரிமெண்ட் வெள்ளிக்கெழம போட்டுக்கலாம்"னு கேப்பாங்க. நல்ல மனசோடதான் கேப்பாங்க, மறுக்கவும் கஷ்டமா இருக்கும். நீங்களோ உங்க ஆளோ போய் கதவ திறந்து விடுங்க, பால் காய்ச்சட்டும், நீங்களும் ஒரு டம்ளர் குடிச்சுட்டு வாழ்த்திட்டு, கதவ பூட்டி சாவிய எடுத்துட்டு வாங்க. பால் காய்ச்சின மறுநாள் நாலு அட்டைப்பெட்டி வரும், அதுக்கு மறுநாள் கட்டில் வரும், அக்ரிமெண்ட் மட்டும் வராது.

அக்ரிமெண்ட் கையெழுத்து ஆகி, அட்வான்ஸ் முழுசும் பேங்க் வழியா வந்த பிறகு, ரெண்டு பேரும் சேந்து வீட்ட சுத்தி வாங்க. வாசல் கதவுலேர்ந்து ஆரம்பிச்சு நிறுத்தாம ஒரே வீடியோவா எடுங்க. கிச்சன்ல சிங்குக்கு அடியில இருக்கற பிளைவுட் கதவ திறந்து கீழ் விளிம்ப காட்டுங்க, தண்ணி பட்டு உப்பறது அங்கதான். பாத்ரூம்ல டைல்ஸ் ஓட்டை ஏற்கனவே எத்தன இருக்குன்னு காட்டுங்க, கண்ணாடி ஷெல்ஃப் மாட்டறோம்னு டிரில் போட்டு டைல்ஸ் விரியறது அடிக்கடி நடக்கும். எல்லா ஃபேனையும் லைட்டையும் போட்டுக் காட்டுங்க. கடைசியா கீழ இறங்கி ஈபி மீட்டர் பாக்ஸ திறந்து சர்வீஸ் நம்பரும் ரீடிங்கும் தெளிவா தெரியற மாதிரி எடுங்க. அந்த வீடியோவ அவங்களுக்கு அங்கயே அனுப்பிட்டு, "ஃபேன் 4, டியூப்லைட் 5, கீசர் 1, சாவி 2 செட்"ன்னு ஒரு லிஸ்ட்டும் போட்டு கையெழுத்து வாங்கிக்கோங்க. இது முழுக்க அரை மணி நேர வேலை. காலி பண்ற அன்னிக்கு "இது முன்னாடியே இப்படித்தான் இருந்துச்சு"ங்கற பேச்சே வராது, அவங்களுக்கும் இது பாதுகாப்புதான்.

9. ஈபி, தண்ணி

தனி மீட்டர் இருக்கற வீடுன்னா பில்ல அவங்களே நேரா கட்டட்டும். ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ ரீடிங், வீட்டு இணைப்புக்கு மொத 100 யூனிட் இலவசம், அது அவங்களுக்குத்தான் போகணும். கீழ நீங்க, மேல குடித்தனம், ஒரே மீட்டர், சப் மீட்டர் வச்சு யூனிட்டுக்கு இவ்வளவுன்னு வாங்கறீங்கன்னா ரெண்டு பேர் யூனிட்டும் சேந்து மேல் சிலாப்புக்கு (யூனிட்டுக்கு அதிக ரேட்) போய் பில் எகிறும், அத குடியிருக்கறவங்க தலையில போடறது நியாயமும் இல்ல. தனி இணைப்புக்கு அப்ளை பண்ணி வாங்கிடுங்க.

சர்வீஸ் உங்க பேர்லயே இருக்கட்டும், மொபைல் நம்பரும் உங்களோடதே இருக்கட்டும், பில் எவ்வளவு வந்துச்சு, கட்டினாங்களான்னு எஸ்எம்எஸ்ல தெரிஞ்சுடும். வீட்டு இணைப்புல தொழில் நடத்தினா டாரிஃப் மாறும், செக்கிங் வந்து பிடிச்சா அபராதம் சர்வீஸ் யார் பேர்ல இருக்கோ அவங்களுக்குத்தான் வரும். அதே மாதிரி "ஜிஎஸ்டி எடுக்கணும், ஒரு என்ஓசியும் (ஆட்சேபம் இல்லன்னு எழுதின லெட்டர்) ஈபி கார்டு காப்பியும் குடுங்க"ன்னு கேட்டா உடனே குடுத்துடாதீங்க, உங்க முகவரியில ஒரு கம்பெனி பதிவாகும், பிரச்சனன்னா நோட்டீஸ் உங்க வாசலுக்கு வரும். கேஸ் கனெக்ஷனுக்கோ ஸ்கூல் அட்மிஷனுக்கோ ஆதார் முகவரி மாத்தவோ கேட்டா தாராளமா குடுங்க, அது அவங்களுக்குத் தேவையான விஷயம்.

தண்ணி விஷயத்துல உண்மைய சொல்லிடுங்க. கோடையில போர் வத்தி லாரி தண்ணி வாங்கற ஏரியான்னா, செலவ அசோசியேஷன் எப்படி பிரிக்குதுன்னு முன்னாடியே சொன்னா ஏப்ரல்ல சண்டை வராது.

10. வாடகை வாங்கறதும் வரியும்

வாடகைய பேங்க் வழியாவே வாங்குங்க, ரொக்கமா வேண்டாம். ரொக்கமா குடுத்தா ரசீது எழுதிக் குடுத்துடுங்க, அது அவங்க உரிமை. வருஷ வாடகை ஒரு லட்சத்துக்கு மேலன்னா குடியிருக்கறவங்க ஆஃபீஸ்ல எச்ஆர்ஏ (வாடகைப்படி வரிச்சலுகை) காட்ட உங்க பான் கேப்பாங்க, குடுக்க மாட்டேன்னு சொல்லாதீங்க.

வருமான வரி கணக்கு சுலபம்தான். மாசம் 15,000னா வருஷம் 1,80,000. நீங்க கட்டின சொத்து வரி 6,000னு வைங்க, கழிச்சா 1,74,000. அதுல 30 சதவீதம், அதாவது 52,200, எந்த பில்லும் காட்டாமலே கழிச்சுக்கலாம். மிச்சம் 1,21,800 உங்க வருமானத்தோட சேரும். வீட்டு லோன் இருந்தா வட்டியையும் கழிக்கலாம். பெயிண்ட் செலவு, புரோக்கர் கமிஷன்னு தனியா கழிக்க வழியில்ல, எல்லாம் அந்த 30 சதவீதத்துக்குள்ள அடக்கம்.

வாடகை மாசம் 50,000க்கு மேலன்னா குடியிருக்கறவங்க வாடகையிலேர்ந்து 2 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கற வருமான வரி) பிடிச்சு கட்டணும். நீங்க என்ஆர்ஐன்னா எவ்வளவு சின்ன வாடகையா இருந்தாலும் பிடிக்கணும், செஸ்ஸோட சேத்து 31.2 சதவீதம். இது தெரியாம குடி வந்தவங்களுக்கு பின்னாடி வருமான வரி நோட்டீஸ் வந்து கஷ்டப்படுவாங்க, அதனால என்ஆர்ஐ ஓனர்கள் அத பேச்சு ஆரம்பிக்கறப்பவே சொல்லிடுங்க.

11. வாடகை நின்னா

மொத மாசம் லேட்டானா போன் பண்ணி என்ன கஷ்டம்னு கேளுங்க, வேலை போயிருக்கலாம், ஆஸ்பத்திரி செலவா இருக்கலாம். ஒரு தேதி கேட்டு வாங்கி வாட்ஸ்ஆப்ல எழுதச் சொல்லுங்க. ரெண்டு மாச பாக்கி ஆச்சுன்னா வக்கீல் மூலமா பதிவு செஞ்ச ஸ்பீட் போஸ்ட்ல நோட்டீஸ் அனுப்புங்க. நோட்டீஸ் போய் ஒரு மாசத்துக்குள்ள பாக்கிய கட்டலன்னா ரென்ட் கோர்ட்ல காலி பண்ண கேட்டு மனு போடலாம். மூணாவது மாசம், நாலாவது மாசம்னு அட்வான்ஸ் கரையற வரைக்கும் காத்திருக்காதீங்க, அட்வான்ஸ் முடிஞ்சா அவங்களுக்கு காலி பண்ண ஒரு காரணமும் இருக்காது.

கோவத்துல கரண்ட்ட கட் பண்றது, மோட்டார் ஸ்விட்ச்ச பூட்டறது, வெளிப் பூட்டு போடறது, இதெல்லாம் செய்யவே கூடாது. அத்தியாவசிய சேவைய நிறுத்தறது சட்டப்படி தப்பு, நியாயம் உங்க பக்கம் இருந்தாலும் கேஸ் உங்க மேல திரும்பிடும். வீட்ட பாக்கப் போகணும்னாலும் 24 மணி நேரம் முன்னாடி சொல்லிட்டுத்தான் போகணும்.

12. காலி பண்ற நாள்

நோட்டீஸ் குடுத்த உடனே ஒரு தடவ போய் வீட்ட பாத்துட்டு என்ன சரி பண்ணணும்னு லிஸ்ட் குடுங்க, சாமான் ஏத்தற அன்னிக்கு சொன்னா யாருக்கும் நேரம் இருக்காது. காலி பண்ற அன்னிக்கு பழைய வீடியோவ ஃபோன்ல ஓட விட்டுக்கிட்டே வீட்ட சுத்துங்க. மீட்டர் ரீடிங்க எடுத்து, கடைசி பில்லுக்கு அப்பறம் ஓடின யூனிட்டுக்கு கணக்கு போட்டு கழிங்க. அசோசியேஷன் செக்ரட்டரிகிட்ட பாக்கி இல்லன்னு ஒரு மெசேஜ் வாங்குங்க. பெயிண்ட்டுக்கு ஒரு மாச வாடகை கழிக்கறது இங்க வழக்கமா இருக்கு, ஆனா அக்ரிமெண்ட்ல எழுதியிருந்தா மட்டும் கழிங்க, மூணு வருஷம் ஒழுங்கா இருந்த குடும்பத்துகிட்ட ஆணி ஓட்டைக்கெல்லாம் காசு கேக்காதீங்க.

அட்வான்ஸ காலி பண்ணின ஒரு மாசத்துக்குள்ள திருப்பிடணும்னு சட்டம் இருக்கு. முடிஞ்சா சாவி வாங்கற அன்னிக்கே பெரும்பகுதிய அனுப்பிடுங்க, அவங்க புது வீட்டு அட்வான்ஸ் அத நம்பித்தான் இருக்கும். எவ்வளவு வாங்கினோம், எதுக்கு எவ்வளவு கழிச்சோம், மிச்சம் எவ்வளவு அனுப்பினோம்னு ஒரு பேப்பர்ல எழுதி, "வீட்ட ஒப்படைச்சுட்டேன், பாக்கி எதுவும் இல்ல"ன்னு அவங்க கையெழுத்து வாங்கிக்கோங்க. ரெண்டு செட் சாவி, மொட்டை மாடி சாவி, லெட்டர் பாக்ஸ் சாவி, கேட் ஆக்ஸஸ் கார்டு எல்லாம் வந்துச்சான்னு எண்ணிப் பாத்துட்டு, அடுத்த குடித்தனம் வர்றதுக்குள்ள வாசல் கதவு பூட்ட மாத்திடுங்க.